ஆறுதலும் ஆறும்

லைபீரியாவில் 1989-ல் மூண்ட உள்நாட்டுப் போர், நடுவே சில காலம் ஓய்ந்து, மறுபடி பற்றி, 2003-ல்தான் அடங்கியது. போர் முடிந்தபோது தலைநகர் மன்ரோவியாவின் தெருக்களில் ஒரு தலைமுறை இளைஞர்கள் எஞ்சி நின்றார்கள். சிலர் பிள்ளைப் பருவத்திலேயே துப்பாக்கி தூக்கியவர்கள். பலருக்கு வீடு கிடையாது. திருட்டு, வழிப்பறி, போதைப்பொருள் விற்பனை என்று பொழுது ஓடியது. ஊர் கைகழுவிவிட்ட இப்படிப்பட்ட 999 பேரை வைத்து கிறிஸ்டோபர் பிளாட்மன், ஜூலியன் ஜேமிசன், மார்கரெட் ஷெரிடன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் போட்டு நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு வார மனப்பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு 200 டாலர் ரொக்கம். அவர்களுக்கு அது ஏறக்குறைய மூன்று மாத வருமானம். மூன்றாவது பிரிவுக்கு முதலில் பயிற்சி, அது முடிந்ததும் பணம். நான்காவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை.

சில வாரங்கள் கழித்துக் கணக்கெடுத்தபோது பயிற்சி பெற்ற இரண்டு பிரிவுகளிலும் திருட்டும் அடிதடியும் வெகுவாகக் குறைந்திருந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நிலைமை வேறு. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் வந்த மாற்றம் பெரும்பாலும் கரைந்துவிட்டிருந்தது. பணம் மட்டும் வாங்கியவர்கள் சின்னதாக வியாபாரம் போட்டார்கள். கொஞ்ச நாள் வருமானம் ஏறியது, பிறகு பழைய குருடி கதைதான். இரண்டும் கிடைத்தவர்களிடம் மட்டும் மாற்றம் நின்றது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களை மறுபடி தேடிப் பிடித்தார்கள். அப்போதும் அந்தப் பிரிவில் திருட்டும் போதைப்பொருள் விற்பனையும், எதுவும் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், சுமார் பாதியாகவே இருந்தன. எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆன செலவு சுமார் 530 டாலர். தடம் மாறிய பிள்ளைகளைப் பற்றி நம் ஊரில் நடக்கும் விவாதங்களில் இந்தச் சோதனை அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கவுன்சலிங் வேண்டுமா, வேலை வேண்டுமா, கண்டிப்பு வேண்டுமா என்று நாம் ஒவ்வொன்றாக எடுத்து வாதாடிக்கொண்டிருக்கிறோம். மன்ரோவியா சொல்வது, அவை தனித்தனியாகக் கரையும், ஒன்றை ஒன்று தாங்கும்படி கோத்தால் நிற்கும் என்பது.

அந்தப் பயிற்சியில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இருபது பேர் கொண்ட குழு, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். நெப்பி என்ற உள்ளூர் அமைப்பு நடத்தியது. வகுப்பு எடுத்தவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே தெருவில் கிடந்தவர்கள், போராளிகளாக இருந்தவர்கள். கோபம் தலைக்கேறும்போது மூச்சை இழுத்துவிடுவது, நாளைய செலவுக்கு இன்றே எடுத்துவைப்பது போன்றவை பாடம். வீட்டுப்பாடமும் உண்டு. முடியை வெட்டிக்கொண்டு வா. குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வா. வங்கிக்குள் போய், கணக்கு தொடங்க என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வா. சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வா. வாசலில் காவலாளி விரட்டினாலும் விரட்டலாம். விரட்டினால் எப்படிப் பேசினாய் என்று மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டும். திருடன் என்று ஊர் சொன்னதை நம்பியே வாழ்ந்த ஒருவன், வாடிக்கையாளன் போல ஒரு கடைக்குள் நுழைந்து வெளியே வருகிறான். எட்டு வாரத்தில் இப்படி ஒரு புது ஆளை ஒத்திகை பார்த்தார்கள். கையில் வந்த பணம் அந்த ஒத்திகையை இன்னும் சில மாதங்கள் நீட்டித்தது என்பது ஆய்வாளர்களின் ஊகம். வாடகை கொடுக்க முடிந்தது, நல்ல சட்டை போட முடிந்தது, மறுநாளே பழைய கூட்டாளியிடம் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. பழக்கம் ஊற நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் பணம் வாங்கிக் கொடுத்தது.

கவுன்சலருக்குத் தமிழக அரசு ஆவணங்களில் வழங்கும் சொல் 'ஆற்றுப்படுத்துநர்'. யார் முதலில் வைத்த பெயரோ, அவர் சங்க இலக்கியம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆற்றுதல் என்றால் புண்ணை, துயரத்தை ஆறச் செய்வது. ஆறு என்றால் பழந்தமிழில் வழி. ஆற்றுப்படை நூல்களில், வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்படும் இன்னொரு வறியவனிடம் எந்தத் தடத்தில் போக வேண்டும், இடையில் எந்த ஊரில் சோறு கிடைக்கும், போய்ச் சேர்ந்தால் யார் கொடுப்பார் என்று சொல்கிறான். வறுமையின் வலி தெரிந்தவன், அதிலிருந்து வெளியே வந்தவன், வெறும் ஆறுதலோடு நிறுத்தாமல் வழியையும் சொல்கிறான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் செய்யும் முதல் உபசாரங்களில் ஒன்று, ஈரும் பேனும் குடியிருந்த கிழிசலை நீக்கிவிட்டு நல்ல உடை கொடுப்பது. மன்ரோவியாவின் துவைத்த சட்டைக்கும் அதற்கும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. இன்றைய நம் ஆற்றுப்படுத்துதலில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது. பையனை உட்காரவைத்துப் பேசுகிறார்கள், அவன் அழுகிறான், மனம் லேசாகிறது. எழுந்து போக வழி எங்கே என்பது அந்த அறையில் இருப்பவரின் கையில் இல்லை.

இப்படிச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, 'நாலு தட்டுத் தட்டினால் சரியாகிவிடுவான்' என்பது. அதன் கொஞ்சம் நாகரிகமான வடிவம், பயமுறுத்துவது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராவே சிறைக்குப் பதின்வயதுப் பிள்ளைகளை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தவைத்து, உள்ளே என்னவெல்லாம் நடக்கும் என்று மிரட்டச் செய்தார்கள். 'ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்' என்று 1978-ல் அதை ஆவணப்படமாக எடுத்தார்கள். ஆஸ்கர் விருதே கிடைத்தது. பல மாநிலங்கள் நகலெடுத்தன. பிறகு அந்தோணி பெட்ரோசினோவும் சக ஆய்வாளர்களும் இத்தகைய திட்டங்கள் மீது நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிறைக்குப் போய் வந்த பிள்ளைகள் போகாத பிள்ளைகளைவிட அதிகமாகக் குற்றம் செய்தது தெரிந்தது. பயன் இல்லை என்பதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, கேடு விளைந்திருக்கிறது. வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பையனுக்கு மிரட்டல் ஒரு புதுச் செய்தி இல்லை. உலகம் இப்படித்தான் என்று அவன் ஏற்கெனவே முடிவுகட்டியதற்கு இன்னொரு சாட்சி, அவ்வளவுதான். பள்ளி வாசலிலேயே 'புள்ளிங்கோ' கட்டிங்கை வெட்டிவிடும் ஆசிரியர்கள் இங்கே யோசிக்க வேண்டும். மன்ரோவியாவிலும் முடி வெட்டப்பட்டது. அங்கே அவனே போய் வெட்டிக்கொண்டான். இங்கே பத்துப் பேர் பார்க்க வெட்டிவிடுகிறோம். கத்தரி ஒன்றுதான், நடப்பது வேறு.

இதைவிடக் கடினமான மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 'முழுமையான அணுகுமுறை' என்பதே ஒரு விளம்பரச் சொல் ஆகிவிட்டது. யோகா, இசை, ஓவியம், மூலிகைத் தோட்டம், ஒரு கவுன்சலர், மாதம் ஒரு சிறப்புப் பேச்சாளர் என்று எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுவிட்டு முழுமை என்று பலகை மாட்டிவிட முடிகிறது. நல்லெண்ணத்தோடு செய்தால் கெடுதல் வராது என்ற நம்பிக்கை இதற்கு அடித்தளம். அந்த நம்பிக்கையை மாசசூசெட்ஸில் நடந்த கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு உடைத்துப்போட்டது. 1939-ல் தொடங்கிய திட்டம் அது. 506 சிறுவர்களை வயது, குடும்பம், குணம் பார்த்து ஜோடி ஜோடியாகப் பொருத்தி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை. உதவி என்றால் சாதாரண உதவி அல்ல. வீட்டுக்கே வரும் ஆலோசகர், பாடம் சொல்லிக்கொடுப்பவர், மருத்துவம், கோடை முகாம். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்து 1978-ல் வெளியிட்ட முடிவு, உதவி பெற்றவர்களின் நிலை பல விதங்களில் மோசம் என்பது. மறுபடி குற்றம் செய்தவர்களும் குடிநோயின் அறிகுறி கொண்டவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். திட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்கு உதவியதாகவே நம்பினார்கள் என்பது இதில் நெஞ்சைக் குத்தும் பகுதி.

பிற்பாடு அலசியபோது, கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்களிடம் கேடு அதிகம் தெரிந்தது. தடுமாறும் பிள்ளைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். எவன் செய்த சேட்டை பெரிது என்பதில் போட்டி. சிரித்துக் கைதட்ட ஆள் இருக்கிறது. அப்படியானால் இருபது இருபது பேராகச் சேர்த்த மன்ரோவியாவில் ஏன் அது நடக்கவில்லை? அங்கே நான்கு மணி நேரமும் வகுப்பு இருந்தது, சேட்டைக்குக் கைதட்டாத, அதே சேட்டையெல்லாம் செய்து முடித்த ஓர் ஆள் நடுவில் இருந்தார், மாலையில் ஒவ்வொருவனும் தன் தெருவுக்குத் திரும்பினான். இது என் விளக்கம், நிரூபணம் ஆனதல்ல. ஆனால் இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுதியாகக் கிடைக்கிறது. எத்தனை சேவைகள் கொடுத்தோம் என்ற எண்ணிக்கை முழுமைக்கு அளவுகோல் ஆகாது. அளந்து பார்க்காத அன்பு எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

அளந்து பார்த்த இன்னொரு திட்டத்துக்கு வருவோம். சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' என்ற பள்ளித் திட்டத்தின் முதல் வகுப்பு ஒரு விளையாட்டு. பையன்களை இருவர் இருவராக உட்காரவைத்து ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து மூடிக்கொள்ளச் சொல்வார்கள். மற்றவனுக்கு முப்பது விநாடி. பந்தை எடுக்க வேண்டும். விரலை நெரிப்பான், கையை முறுக்குவான், கட்டிப் புரள்வான். நேரம் முடிந்ததும் ஆசிரியர் கேட்பார்: 'அவனிடம் பந்தைக் கொடு என்று யாராவது கேட்டீர்களா?' கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று எதிராளியைக் கேட்டால், 'ஏன், இது வெறும் பந்துதானே' என்பான். முதலில் கை போகிறது, அப்புறம்தான் புத்தி வருகிறது என்பதைப் பையன்களே கண்டுகொள்ளும் இடம் அது. சோதனையில் திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது, பெரிய வெற்றி. திட்டம் முடிந்ததும் அந்தக் குறைவு நிலைக்கவில்லை. படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடியது மட்டும் மிஞ்சியது. மன்ரோவியாவில் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு நேர்ந்த அதே கரைதல், வேறொரு கண்டத்தில்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவிலேயே குழந்தைகள் சட்டம் என்று ஒன்று முதலில் வந்தது சென்னை மாகாணத்தில். 1920-ம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். இன்றிருக்கும் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் படித்தால், காகிதத்தில் மன்ரோவியாவைவிட நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். உடல்நலம், மனநலம், படிப்பு, தொழில், குடும்பம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரித்துச் சமூகப் பின்னணி அறிக்கை தர வேண்டும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. வழக்கின் கறை பிற்காலத்தில் வேலைக்குத் தடையாகக் கூடாது. இத்தனையும் எழுதிவைத்திருக்கும் அதே அமைப்பில்தான் 2022 டிசம்பர் கடைசியில், செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஓரிரு நாட்களில் இறந்தான். ஊழியர்கள் அடித்ததாக வழக்காகி, கைதுகள் நடந்தன. இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை அரசு நியமித்தது. ஆறுதலும் இல்லாமல் ஆறும் இல்லாமல் போனால் என்ன மிஞ்சும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வன்முறை நடக்காத இல்லங்களிலும் கோளாறு இணைப்பில்தான் இருக்கிறது. ஆற்றுப்படுத்துநர் ஒரு துறையின் ஆள். ஐ.டி.ஐ. சேர்க்கை வேறு துறை. மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையிடம், மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கும் பள்ளி கல்வித் துறையிடம், தெருவில் பார்த்த இடத்திலெல்லாம் 'என்னடா' என்று நிறுத்தும் காவலர் உள்துறையிடம். பையன் ஒருவன், கோப்பு ஐந்து. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்தாலும்கூட, கவுன்சலிங் மார்ச்சில் முடிந்து ஐ.டி.ஐ. சேர்க்கை ஆகஸ்டில் நடந்தால், நடுவிலுள்ள ஐந்து மாதம் பழைய தெருவுக்குச் சொந்தம். மன்ரோவியாவில் பயிற்சி முடிந்த கையோடு பணம் வந்ததை மறந்துவிடக் கூடாது. கோத்தல் என்று நான் சொல்வதில் முக்கால் பங்கு இந்தக் காலக்கணக்குதான். கேட்க அற்பமாக இருக்கும். துறைகளுக்கு இடையில் ஓடியவர்களைக் கேட்டால் இதுதான் மலை என்பார்கள்.

லைபீரியாவுக்கும் திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இளைஞனை ஊர் ஒதுக்கியிருந்தது. இங்கே சில சமயம் ஊரே தூக்கிக் கொண்டாடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அந்தப் பையன்களுக்குக் 'கோபக் கட்டுப்பாடு' வகுப்பு எடுப்பது, குளத்தில் விஷத்தை விட்டுவிட்டு மீனுக்கு ஊசி போடுவது. பள்ளிகளில் சாதிப் பிரிவினையை ஆராய நியமிக்கப்பட்டு, அதே நீதிபதி சந்துரு 2024-ல் கொடுத்த அறிக்கை, சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை சொன்னதும் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. கயிற்றை அறுப்பதை நான் ஆதரிக்கிறேன். அறுத்தால் போதும் என்று நினைப்பதை ஆதரிக்க முடியவில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தக் கயிறு ஒரு கூட்டத்தையும் ஒரு பெயரையும் கொடுக்கிறது. மதிப்பெண் கொடுக்காத மரியாதையைக் கொடுக்கிறது. அதை எடுக்கும் கை வேறொரு கூட்டத்தையும் பெயரையும் கொடுக்க வேண்டும், அதுவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கலந்த கூட்டமாக. கபடி அணியோ, பறையிசைக் குழுவோ, தேசிய மாணவர் படையோ எதுவானாலும் சரி. மன்ரோவியாவின் பாடத்தை இங்கே வரி பிசகாமல் நகலெடுக்க முடியாது. குடும்பமும் ஊரும் எங்கே காயப்படுத்துகின்றனவோ அங்கே அவையும் சிகிச்சைக்குள் வர வேண்டும் என்பது, தனிமனிதனை மட்டும் பார்த்த அந்தச் சோதனையில் இல்லாத, நாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய அத்தியாயம்.

வெட்டுப்பட்டவனை மறந்துவிட்டு வெட்டியவனுக்கு வைத்தியமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு எழுதப்படும் எந்தக் கட்டுரையும் நேர்மையானதல்ல. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமையில் குற்றவாளிகளில் ஒருவனுக்கு வயது 17. அந்தக் கொந்தளிப்பில் பிறந்ததுதான் 2015-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு. கொடுங்குற்றம் என்றால் 16 முதல் 18 வயதுள்ளவரை, முன்மதிப்பீடு செய்து, வயது வந்தவராகக் கருதி விசாரிக்க அது வழி செய்கிறது. பாதிக்கப்பட்டவரின் கோபத்துக்கு அதில் பதில் இருக்கிறது, மறுக்கவில்லை. அடுத்த பாதிக்கப்பட்டவருக்கு? சிறாரைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றும் சட்டங்களை ஆராய்ந்த அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2007-ல், அப்படி மாற்றப்பட்டவர்கள் பின்னால் அதிக வன்முறையில் ஈடுபடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது. பொறுப்பேற்க வைப்பதும் குணப்படுத்துவதும் எதிரெதிர் என்று நினைப்பதில்தான் சிக்கல். தான் என்ன செய்தோம் என்பதை நேருக்கு நேர் பார்க்காமல் எந்தப் பையனும் தேறியதில்லை. அதைப் பார்க்கும் தெம்பு அடிபட்டுக் கிடப்பவனுக்கு வருவதும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் நாடு முழுக்கச் சிறார்மீது பதிவான வழக்குகள் 30,555. அந்த வழக்குகளில் சிக்கிய பிள்ளைகள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு தெருவுக்குத் திரும்பி வரப்போகிறவர்கள்.

பணம் கொடுத்தால் குடித்துவிட மாட்டானா என்பது கடைசியாக வரும், மனதுக்குள் முதலாவதாக இருக்கும் கேள்வி. மன்ரோவியாவில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் சிறு வியாபாரத்துக்கும்தான் போனது. போதைக்குப் போனது கொஞ்சம். இங்கேயும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரொக்கம்தான் வேண்டும் என்றும் இல்லை. வழி என்பது வேறு உருவிலும் வரலாம். பிளஸ் டூ தேர்வில் தோற்றவர்களுக்கு ஒரு வருடம் வீணாகாதபடி உடனடித் துணைத்தேர்வு என்று ஒரு கதவு திறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு அதற்காக வாதாடியது. தொலைபேசியில் ஆறுதல் சொல்வதையே வேலையாகக் கொண்டவர்கள், ஆறுதல் மட்டும் போதாது, தேர்வுக் கால அட்டவணையை மாற்றுங்கள் என்று போய் நின்றார்கள். அதுதான் ஆற்றுப்படுத்துதல்.

கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளியே வருகிற பையனுக்கு அப்படி ஒரு கதவு சட்டத்தில் இருக்கிறதா என்று தேடினால், 46-வது பிரிவு கிடைக்கிறது. 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்கு, சமூகத்தோடு மீண்டும் இணைய நிதியுதவி வழங்கலாம் என்கிறது அது. வழங்க வேண்டும் என்று இல்லை, வழங்கலாம். பதினாறு வயதில், இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு, அம்மா கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகும் பையன் அந்த 'லாம்'-க்குள்கூட வர மாட்டான். வரும்போது போட்டிருந்த சட்டையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு அதே தெருவுக்கு பஸ் ஏறுவான்.